முன்விரோதம்: ஒரு தூக்குத் தண்டனை வழக்கின் நிகழ்வு ஆய்வு

களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் இடையில், வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் நடந்த இரட்டைக் கொலையைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர், இறந்தவர்கள், தண்டிக்கப்பட்டவர், விசாரித்த நீதிமன்றம், நிகழ்ந்த ஆண்டு ஆகிய எதையும் இங்கே குறிப்பிடவில்லை. இரு குடும்பத்தாரும் இன்றைக்கும் ஒரே நிறுத்தத்தில் நின்றுதான் பேருந்து ஏறுகிறார்கள் என்பதே காரணம். மேல்முறையீட்டு நிலையில், தண்டிக்கப்பட்டவர் தரப்பு மூத்த வழக்கறிஞருக்கு உதவியாக நான் வேலை பார்த்தேன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் வழக்கு முடிந்த பிறகு, கொல்லப்பட்டவர்கள் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச நேர்ந்தது. அந்தப் பேச்சு இல்லாமலிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நிகழ்ந்தது

இரு குடும்பத்தாரும் பங்காளிகள். ஒரே சுடலைமாடன் கோயிலுக்கு வரி கொடுத்தவர்கள், கோயில் கொடை விழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். பிசானம் என்ற பருவத்து நெற்பயிருக்குக் குளத்து மடையிலிருந்து முறைத் தண்ணீர் விடுவதில் ஒரு வருஷம் எழுந்த தகராறு, நீர்பாய்ச்சியை ஒருவர் கைநீட்டி அடித்ததில் முற்றி, கோயில் வரியைப் பிரித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அதன் பின் ஒரு நாள் காலை 6 மணிக்கு, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடை வாசலில், ஒரு குடும்பத்தின் தலைவர் நான்கு பேரால் வெட்டிக் கொல்லப்பட்டார். பால் வாங்கத் தூக்குவாளியோடு உடன் வந்திருந்த அவருடைய மகனுக்கு அப்போது வயது 13.

11 ஆண்டுகள் கழித்து அந்த மகன், நண்பர்கள் இருவரோடு விடியற்காலையில் வாழைத் தோட்டத்து மோட்டார் அறைக்குப் போய், தந்தையின் கொலை வழக்கில் முதல் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவராக இருந்து விடுதலையானவரை வெட்டினார். அவருக்கு வயது 52. சத்தம் கேட்டு வாழைகளுக்கு ஊடே ஓடி வந்த அவருடைய தம்பி மகனும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு இறந்தார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அவருக்கு வயது 19. முதல் கொலை நடந்தபோது அவர் 8 வயதுச் சிறுவர்.

பிரேதப் பரிசோதனைச் சான்றின்படி பெரியவர் உடலில் 17 வெட்டுக்காயங்கள்; இளைஞர் உடலில் மூன்று. மூன்றில் ஒன்று இடது உள்ளங்கையில் குறுக்காக விழுந்திருந்தது. தடுப்பதற்குக் கையை நீட்டியிருக்கிறார். வழக்குக் கட்டில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற வரி அதுதான். தண்டிக்கப்பட்டவருக்காக நாங்கள் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அந்த உள்ளங்கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், பின்னர் தண்டிக்கப்பட்ட அந்த மகன் வேறொரு மாவட்டத்தின் நீதித்துறை நடுவர் முன்னிலையில் சரணடைந்தார். எங்கள் பக்கத்தில் இது பழகிப்போன வழி.

ஒரே உண்மை, ஒரு பக்கம் மட்டும்

அமர்வு நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் என்று காலை 11 மணி அளவில் அறிவித்தது. தண்டனை குறித்த கேள்வி மதிய உணவுக்குப் பின் கேட்கப்பட்டது. மாலை 4 மணிக்குள் முதல் எதிரிக்குத் தூக்கு, மற்ற இருவருக்கு ஆயுள். தீர்ப்பு 94 பக்கம். அதில் தண்டனையைப் பற்றிய பகுதி நான்கரைப் பக்கம். அந்த நான்கரைப் பக்கத்தில் தண்டிக்கப்படுகிறவர் பேசியதாகப் பதிவாகியிருப்பது இரண்டே வரி. தனக்குத் திருமணம் ஆகவில்லை, வயதான தாய் பீடி சுற்றிப் பிழைக்கிறார், குறைந்தபட்சத் தண்டனை வழங்க வேண்டுகிறேன் என்று அவர் கூறியதாக எழுதியிருந்தது. குற்ற வழக்குகளில் பழக்கமுள்ள எவருக்கும் இந்த வரி மனப்பாடம். திருட்டு வழக்கிலும் இதையேதான் எழுதுகிறார்கள், அடிதடி வழக்கிலும் இதையேதான் எழுதுகிறார்கள். தாய்க்குப் பதிலாக மனைவியும் இரண்டு குழந்தைகளும் வரும், அவ்வளவுதான் வேறுபாடு. ஒரு மனிதனின் கழுத்தைத் தீர்மானிக்கிற கேள்விக்கும் அந்த அச்சு வார்த்தைகளே பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

எனக்கு உறுத்தியது இதைவிடப் பெரிய வேறொன்று. தந்தையின் கொலை அந்தத் தீர்ப்பில் பல இடங்களில் பேசப்படுகிறது. அரசு தரப்பு முதல் வழக்கின் முதல் தகவல் அறிக்கையையும் தீர்ப்பின் நகலையும் சான்றாவணங்களாகத் தாக்கல் செய்து, முன்விரோதத்தை அவற்றின் மூலம் நிறுவியது. எதிரிக்குக் கொல்வதற்குக் காரணம் இருந்தது, ஆகவே கொன்றவர் அவரே என்பதற்கு அந்த உண்மை பயன்பட்டது. நியாயம்தான், முன்விரோதத்தை அப்படித்தான் நிறுவுவார்கள். ஆனால் குற்றம் உறுதியாகி, இந்த மனிதனை என்ன செய்வது என்ற கேள்வி வந்த மதிய நேரத்தில், 13 வயதில் தந்தை வெட்டப்படுவதைப் பார்த்த சிறுவன் அந்த நான்கரைப் பக்கத்தில் எங்குமே இல்லை. இரு உயிர்கள், திட்டமிட்ட செயல், சம்பந்தமில்லாத இளைஞனின் சாவு, சமூகத்தின் மனசாட்சி ஆகிய நான்கும் இருந்தன, நான்கும் உண்மையானவை. குற்றத்தை நிரூபிக்க உதவிய அந்த ஒரே உண்மை, தண்டனையை நிறுக்கும் தராசில் மட்டும் ஏறவில்லை. எதிரி தரப்பு வழக்கறிஞரும் அதை எடுத்து வைக்கவில்லை. வைத்தால் முன்விரோதத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். நிரபராதி என்று காலை வரை வாதாடியவர், பிற்பகலில் ‘கொன்றார், ஆனால்’ என்று தொடங்குவது எளிதன்று.

முதல் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நேரில் பார்த்ததாகச் சொல்லப்பட்டவர்களில் ஒன்பது பேர் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சிகளாக மாறினார்கள். கண்ணாடித் தம்ளர்களைக் கழுவப் பின்பக்கம் போயிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றார் கடைக்காரர். முதல் தகவல் அறிக்கை நடுவரின் கைக்குப் போய்ச் சேர 14 மணி நேரம் ஆகியிருந்தது. ஏன் என்று விசாரணை அதிகாரியால் விளக்க முடியவில்லை. மிச்சமிருந்த முக்கியச் சாட்சி அந்தச் சிறுவன். சாட்சிக் கூண்டில் ஏறியபோது 16 வயது. நால்வரையும் அடையாளம் காட்டினார். முதலில் வெட்டியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் காவல்துறையிடம் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொன்னதற்கும் முரண் இருந்ததால், அவருடைய சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தேன். சட்டப்படி அதில் குறை காண்பது கடினம். அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்று, நாடு முழுவதும் சட்டமாகவே பின்பற்ற வேண்டும் என்றது. ஆனால் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே குளத்துத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்கு எந்தத் திட்டம் எத்தனை நாள் காவல் நிற்கும் என்பது வேறு கேள்வி.

சட்டம் என்ன கேட்கிறது

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கொலைக்குத் தூக்கு விதிக்காமல் விடும் நீதிபதிதான் அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1955-இல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது: ஆயுள் தண்டனையே இயல்பு, தூக்கு விதிப்பதானால் சிறப்புக் காரணங்கள் எழுதப்பட வேண்டும் என்று 354(3) பிரிவு சொன்னது, தண்டனை குறித்துக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று 235(2) சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த இரண்டும் தொடர்கின்றன. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நீதிபதி பகவதி மட்டும் மாறுபட, தூக்குத் தண்டனை அரசமைப்புக்கு உட்பட்டதே என்று ஏற்றது. ஆனால் அரிதினும் அரிதான வழக்குகளில், ஆயுள் தண்டனை என்ற வழி ஐயமின்றி அடைபட்டுவிட்டபோது மட்டுமே அதை விதிக்கலாம் என்றது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்கச் சொன்னது. தண்டனையைத் தணிக்கும் சூழல்களில் ஒன்றாகத் திருந்தும் வாய்ப்பை அது எடுத்துக்கொண்டதோடு, அந்த வாய்ப்பு இல்லை என்பதைச் சாட்சியத்தின் மூலம் நிறுவும் பொறுப்பை அரசின் தோளில் வைத்தது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் விசாரணை நீதிமன்றங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

1983-இல் வந்த மச்சி சிங் தீர்ப்பு, அரிதினும் அரிது எது என்பதற்குக் குற்றத்தின் தன்மையை வைத்து ஐந்து வகைகள் சொன்னது. சமூகத்தின் கூட்டு மனசாட்சி என்ற சொற்றொடரை இன்றைய தீர்ப்புகளில் அதிகம் பார்க்க முடிவது அதிலிருந்துதான். அந்த வழக்கும் குடும்பப் பகையில் விளைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: பஞ்சாபில் ஒரே இரவில் ஐந்து ஊர்களில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். எங்கள் அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு அதை மேற்கோள் காட்டியது. அந்த அளவோடு இந்த வழக்கை ஒப்பிட முடியுமா என்ற ஆராய்ச்சி அதில் இல்லை.

தண்டனை பற்றிய விசாரணையைத் தீர்ப்பு நாளிலேயே முடித்துவிடாமல், பொதுவாக இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று 1989-இல் அலாவுதீன் மியான் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றவாளியின் வளர்ப்பு, குடும்பம், கல்வி, மனநலம், சிறை நடத்தை ஆகியவை பற்றிய தகவல்களை விசாரணை நிலையிலேயே திரட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்த விசாரணைக்கு ஒரே சீரான நெறிமுறை வேண்டும் என்று பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. காலையில் குற்றம், மாலையில் கயிறு என்ற வழக்கம் சட்டத்துக்கு உகந்ததன்று என்பதில் ஐயம் எதுவுமில்லை. அது பழக்கத்தால் நீடிக்கிறது.

அச்சமூட்டும் என்ற வாதம்

கடுமையான தண்டனை அடுத்தவனை அச்சுறுத்தும் என்ற வாதத்தை இந்த வழக்கில் வைத்துச் சோதித்தால் அது இரு முனையிலும் நழுவுகிறது. தந்தையைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட நால்வரைத் தூக்குக் கயிறு தடுக்கவில்லை. யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள் என்று கொன்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகனையும் தடுக்கவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் அவரை மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது இதை நேராகவே கேட்டேன். “தெரியும் சார். தூக்கு இல்லேன்னா ஆயுசுன்னு தெரிஞ்சுதான் போனேன். அந்தப் பய குறுக்க வருவான்னுதான் தெரியாது” என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை நீக்கியது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகவே சில ஆண்டுகள், சில மைல் தொலைவிலுள்ள தென்காசியில் கொலைக்குத் தூக்கு, செங்கோட்டையில் தூக்கு இல்லை. ஒரே பேச்சு, ஒரே வயல்வெளி, ஒரே சாரல். தூக்கு இல்லாத அந்த ஆண்டுகளில் கொலைகள் பெருகி ஊர் அழிந்துபோனதாக இரு ஊரிலும் எந்தப் பெரியவரும் என்னிடம் சொன்னதில்லை. இது புள்ளிவிவரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கயிறு இல்லாவிட்டால் நாடு நிலைகுலையும் என்பவர்கள் ஒருமுறை செங்கோட்டை வரை போய்வரலாம்.

தூக்கைப் பற்றித் திருநெல்வேலிச் சீமைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது விசாரணை என்று ஒன்று பெயருக்கு நடந்தது. 1942-இல் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் இருவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்படாமல் இருந்திருந்தால், ஓர் அரசுக்குக் கொலைகாரர்களும் சில ஆண்டுகளில் வந்த அடுத்த அரசுக்குத் தியாகிகளுமாக அவர்கள் மண்ணுக்குள் இருந்திருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கழுமாடன் என்றொரு பீடத்தைப் பார்க்கலாம். கழுவில் ஏற்றப்பட்டவனே அங்கே சாமி. இந்த வழக்கின் இரு குடும்பங்களும் வரியைப் பிரித்துக்கொண்ட பிறகும் அந்தப் பீடத்துக்குத் தனித்தனியாகக் கிடா வெட்டுகின்றன.

உயர்நீதிமன்றத்தில்

அமர்வு நீதிமன்றம் விதிக்கும் தூக்கை உயர்நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அந்த நிலையில்தான் நாங்கள் ஊருக்குப் போனோம். தண்டிக்கப்பட்டவரின் பள்ளி வருகைப் பதிவேடு ஒன்பதாம் வகுப்பு வரை ஒழுங்காக இருந்தது. முதல் வழக்கின் விசாரணை நடந்த ஆண்டில் 71 நாட்கள் வரவில்லை. அதன் பிறகு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. வகுப்பாசிரியராக இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். பையன் கடைசி வரிசையில் கதவைப் பார்த்து உட்காருவான், முதுகைக் கதவுக்குக் காட்டமாட்டான் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தாய், மடியில் முறத்தை வைத்து இலையை வெட்டியபடியே பேசினார். கொடை நாட்களில் வெற்றிலை பிரிக்கும் இடத்தில் யாராவது ஒருவர், அப்பனுக்குப் பதில் சொல்லாத வீட்டுக்கு முதல் தாம்பூலமா என்று கேட்பார்களாம். கேட்டவர்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். “அவுஹளும் நாளைக்கு வேணும்லா சார்” என்றார்.

வெட்டியது ஒரு கை. ஆனால் அந்தக் கையில் அரிவாளை வைத்துக்கொண்டே வந்தவர்கள் யாரும் எந்த வழக்கிலும் எதிரிகள் இல்லை. இதைச் சொல்லி அவருடைய பொறுப்பைக் குறைக்க முடியாது. 24 வயதில் அவர் தேர்ந்தெடுத்தார். 19 வயதுப் பையன் கையை நீட்டியபோது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதற்குக் கடுமையான தண்டனை நியாயம். ஆனால், இனி இவரிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதற்குத் தேவையான எதையும் யாரும் விசாரித்திருக்கவில்லை. சிறையில் அவர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தார். அவர் மீது சிறைக் குற்றம் எதுவும் பதிவாகவில்லை.

உயர்நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதி செய்து, தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 25 ஆண்டுகள் வரை தண்டனைக் குறைப்பு எதுவும் கூடாது என்றும் சேர்த்தது. சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் 2008-இல் தொடங்கிய இந்த முறையை 2015-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக ஏற்று, இப்படி ஆண்டு குறித்து விதிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்றது. தூக்குக்கும் 14 ஆண்டுக்கும் நடுவே ஒரு படி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 20, 25, 30 என்று வழக்குக்கு வழக்கு மாறும் எண்களுக்கு எந்த அளவுகோலும் இதுவரை வகுக்கப்படவில்லை. கயிற்றில் இருந்த தற்செயல் எண்ணுக்கு இடம் மாறியிருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. எப்படியானாலும், எண்ணைப் பின்னால் திருத்தலாம்.

மறு வீட்டுத் திண்ணை

கொல்லப்பட்ட பெரியவரின் மனைவியை நான் பார்த்தபோது தீர்ப்பு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் யார் தரப்பு என்று தெரிந்தே உட்காரச் சொன்னார். “தூக்குன்னு பேப்பர்ல வந்த அன்னைக்குத்தான் நான் வயிறாரச் சோறு தின்னேன். நீங்கதான் அதக் கெடுத்தீய” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. மரண தண்டனைக்கு எதிராக எழுதுகிறவர்கள், பாதிக்கப்பட்டவர்களும் மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல விரும்புகிறோம். இவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவருடைய கணவர் ஒரு கொலை வழக்கில் எதிரியாக இருந்தவர் என்பது அந்தக் கோபத்தின் நியாயத்தைத் துளியும் குறைக்காது. அரசு தண்டிக்கும்போது அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தண்டனையின் அளவை அதன் கையில் கொடுத்துவிட்டால், மடைத் தகராறில் தொடங்கிய அதே கணக்கில் அரசும் ஒரு பங்காளியாகிவிடுகிறது.

இளைஞரின் தாய் வேறு விதமாகப் பேசினார். “எங்க அத்தான் செஞ்சாஹளோ செய்யலியோ, அதுக்கு எம் மவன் போனான். இப்ப இவனும் தூக்குல போயிட்டா, அவன் கூட்டாளிய சும்மா இருப்பானுவளா? எனக்கு இன்னும் ஒருத்தன் இருக்கான்லா” என்றார். இளைய மகனை ஒன்பதாம் வகுப்போடு திருப்பூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இரக்கத்தினால் அவர் தூக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் தடவையே நான்கு பேருக்கும் ஆயுள் கிடைத்திருந்தால் தன் மகன் இருந்திருப்பான் என்று, சொந்தக் குடும்பத்தாருக்கு எதிராகவே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த வழக்கைப் பற்றி நான் கேட்ட வாதங்களில் அதைவிடச் சரியானது எதுவும் நீதிமன்றத்துக்குள் சொல்லப்படவில்லை.

இழப்பீட்டுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம் என்பது அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. வாரிசுச் சான்றும் பிற தாள்களும் திரட்ட ஏழு மாதம் ஆனது. ஆனால் அவர் முதலில் கேட்டது பணத்தை அன்று. மகனின் இடுப்பில் கிடந்த வெள்ளி அருணாக்கொடி வழக்கில் சான்றுப் பொருளாகப் போயிருந்தது. அது வேண்டும் என்றார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, மனுப் போட்டு, நீதிமன்றச் சொத்து அறையிலிருந்து அது வெளியே வந்த நாளில் நானும் உடன் இருந்தேன். அரக்கு வைத்த பழுப்பு உறையை எழுத்தர் பிரித்து மேசையில் கொட்டினார். கொடி கறுத்திருந்தது, கொக்கி இருந்த இடத்தில் நூல் சுற்றி, ‘சா.பொ. 11’ என்று எழுதிய சிறு அட்டை கட்டியிருந்தது. அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கொடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளப் போனவர், நின்று, எழுத்தரைப் பார்த்து, “இந்த அட்டையையும் நாங்களே வச்சுக்கிடணுமா சார்?” என்று கேட்டார். எழுத்தர் சிறிது யோசித்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.